"மாட்டேன்" என்ற மகன், தோட்டத்துக்குப் போன மகன்

மாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. ஒன்பது வயதுப் பிள்ளை ஸ்கூல் வானில் வந்திறங்கி, பாணும் பிளேன்டீயும் முடித்து, போனோடு கதிரையில் சுருண்டு கிடக்கிறான். ஆறு மணிக்கு டியூசன். அம்மா குசினியிலிருந்து சொல்கிறார்: "போனை வைச்சிட்டுக் கொப்பியை எடு." பதில் இல்லை. கொஞ்ச நேரம் போக, குரல் கூடுகிறது: "எத்தினை தரம் சொல்லுறது?" "பொறுங்கோ." மூன்றாம் தரம் அம்மா முன்னால் வந்து நிற்கிறார். "ஏலாது. நீங்க ஆர் எனக்குச் சொல்ல?" அம்மா போனைப் பறிக்கிறார். பிள்ளை கதிரையை உதைக்கிறான். தங்கச்சியின் பென்சில் பெட்டி சுவரில் போய் விழுகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்ற வெட்கம் ஒருபுறம், டியூசன் மிஸ் வரப்போகிறா என்ற அந்தரம் மறுபுறம். "சரி, இன்னும் பத்து நிமிசம். பிறகு கட்டாயம் வைக்கோணும்." போன் அவன் கைக்குத் திரும்பப் போகிறது. சத்தம் நிற்கிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு பேர் பாடம் படித்துவிட்டார்கள். உதைத்தால் போன் திரும்பி வரும் என்று பிள்ளை படித்தான். விட்டுக்கொடுத்தால் சத்தம் நிற்கும் என்று அம்மா படித்தார். இன்னொரு நாள் அப்பா இரண்டு அறை விட்டு, பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்கினால் அப்பாவும் ஒன்று படிக்கிறார்: அடித்தால் காரியம் நடக்கும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வீடுகளுக்குள் போயிருந்து, பெற்றோரும் பிள்ளைகளும் ஒருவரோடொருவர் நடந்துகொள்வதை அப்படி அப்படியே பதிந்து, இந்தச் சுழலைத்தான் விவரித்தார்கள். ஒருவரை ஒருவர் வற்புறுத்தி வெல்லும் சுழல் அது. ஒவ்வொரு சுற்றிலும் யாரோ ஒருவர் வெல்வதால்தான் அது நிற்காமல் ஓடுகிறது. எதிர்த்து நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் பயிற்சிகளில் பெரும்பாலானவை அந்தக் கண்டுபிடிப்பின் மேல் கட்டப்பட்டவை.

கிறிஸ்தவப் பெற்றோருக்கு இங்கே ஒரு சங்கடம் கூடுதலாக உண்டு. "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" என்ற வசனத்தை ஞாயிறு பாடசாலையிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள். ஆகவே பிள்ளை "ஏலாது" என்றால் அது வெறும் குழப்படியாகத் தெரிவதில்லை. பாவமாக, தங்கள் விசுவாச வாழ்வின் தோல்வியாகத் தெரிகிறது. அதே எபேசியர் 6 ஆம் அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" என்று பெற்றோருக்கு எழுதியிருப்பது பிரசங்கங்களில் அந்தளவுக்குக் கேட்பதில்லை. முதலாம் வசனத்தைப் பிள்ளை கைக்கொள்ளும்வரை நான்காம் வசனத்தை நாங்கள் ஒத்திவைக்க முடியாது. இந்தப் பிள்ளைகளோடு வேலை தொடங்குவது நான்காம் வசனத்திலிருந்துதான்.

எது குழப்படி, எது கோளாறு

எல்லாப் பிள்ளையும் எதிர்க்கும். இரண்டு மூன்று வயதிலும் பதின்மூன்று பதினான்கிலும் நிறையவே எதிர்க்கும். வைத்தியர்கள் ஓ.டி.டி. என்று சொல்வது, அதாவது அப்போசிஷனல் டிஃபையன்ட் டிஸோர்டர், வேறு ஒன்று. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013 இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-5 கையேடு எட்டு அறிகுறிகளைச் சொல்கிறது: அடிக்கடி கட்டுப்பாடிழந்து கோபப்படுதல், சின்ன விசயத்துக்கும் சினத்தல், மனதில் எரிச்சலும் கறுவமும் வைத்திருத்தல், பெரியவர்களோடு வாதாடுதல், சொன்னதைச் செய்ய மறுத்தல், வேண்டுமென்றே மற்றவரைச் சீண்டுதல், தன் பிழையை மற்றவர்மேல் போடுதல், பழிவாங்கும் குணம். இவற்றில் குறைந்தது நான்கு, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் பெரும்பாலான நாட்களில், அதற்கு மேல் என்றால் கிழமைக்கு ஒரு தரமாவது. அதுவும் சகோதரங்களோடு மட்டும் நடந்தால் கணக்கில் இல்லை. வீட்டில் மட்டும் என்றால் லேசானது. வீடு, பள்ளி என்று இரண்டு இடத்தில் என்றால் நடுத்தரம். மூன்று இடத்தில் அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது.

பள்ளியில் தங்கமான பிள்ளை, வீட்டில் மட்டும் புயல் என்றால், "ஆக்களுக்கு முன்னால நடிக்கிறான்" என்று பெற்றோர் முடிவெடுத்துவிடுகிறார்கள். நாள் முழுக்க அடக்கி வைத்ததை, தன்னைக் கைவிடாது என்று நம்பும் இடத்தில் கொட்டும் பிள்ளைகள் நிறையப் பேர். அதைத் தந்திரம் என்று எடுக்கக்கூடாது.

இன்னொன்றையும் முதலில் பார்க்கவேண்டும். எதிர்ப்புக்கு அடியில் பல தரம் வேறொன்று கிடக்கும். கவனக்குறைவும் துடிதுடிப்பும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. அடிக்கடி கூட வரும். அந்தப் பிள்ளைக்கு "கொப்பியை எடு" என்பது காதில் விழுந்து, மனதில் தங்கமுதல் போய்விடும். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளை, வாசிக்கச் சொல்லும்போதெல்லாம் சண்டை பிடிக்கும். "தெரியாது" என்பதைவிட "மாட்டன்" என்பது அதற்கு மானமாக இருக்கிறது. பதற்றம், நித்திரைக் குறைவு, பள்ளியில் மற்றப் பிள்ளைகளின் பகிடிவதை, காதில் சளி கட்டிக் கேள்வி குறைவது, வீட்டில் பெற்றோருக்கிடையே சண்டை, இழப்பு எல்லாமே எரிச்சலாக வெளிவரும். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடைக் கோயில் குண்டுவெடிப்பில் சொந்தத்தை இழந்த வீடுகளில் அப்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று பள்ளிப் பிள்ளைகள். பெரியவர்களின் துக்கத்துக்குள்ளேயே வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் கோபத்தை வெறும் அடம் என்று எழுதிவிடுவது பெரிய அநியாயம்.

சபைக்குள் வரும் இரண்டு தவறான விளக்கங்களையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒன்று, பெற்றோர் ஒழுங்காக ஜெபிக்கவில்லை, அதனால்தான் என்பது. பிறவிக் குருடனைக் கண்டதும் சீஷர்கள் கேட்டது இதே கேள்வி: இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா? யோவான் 9 இல் இயேசு அந்தக் கேள்வியின் இரண்டு பாதியையும் தள்ளிவிட்டார். சில பிள்ளைகள் பிறப்பிலேயே கோபம் சீக்கிரம் ஏறி, இறங்க நேரமெடுக்கும் சுபாவத்தோடு வருகிறார்கள். அதே வீட்டில் அதே பெற்றோரிடம் வளரும் அக்கா சாதுவாக இருக்கிறாள். மற்றது, பிசாசு என்பது. பிள்ளைக்காக ஜெபியுங்கள், எவ்வளவும் ஜெபியுங்கள். ஆனால் அவனை நடுவில் நிறுத்தி, தலையில் கைவைத்து, உரத்த குரலில் ஆவியை அதட்டும் ஜெபத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: எனக்குள்ளே கெட்டது ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் அது தெரியும்.

வாயையும் காலையும் பிரித்துப் பாருங்கள்

மத்தேயு 21 இல் ஒரு தகப்பன் மூத்த மகனிடம் போய், இன்றைக்குத் தோட்டத்தில் வேலைசெய் என்கிறான். "அதற்கு அவன்: மாட்டேன் என்றான், ஆகிலும், பின்பு அவன் மனஸ்தாபப்பட்டுப் போனான்." இளையவன் "போகிறேன் ஐயா" என்று சொல்லியும் போகவில்லை. தகப்பனுக்குப் பிரியமானதைச் செய்தவன் மூத்தவன் என்பதில் கேட்டவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

அந்தத் தகப்பன் "மாட்டேன்" என்ற சொல்லுக்கு என்ன செய்தான் என்று கதையில் இல்லை. பின்னால் வந்து உலுப்பவில்லை, "என்ன சொன்னனீ, திருப்பிச் சொல்லு பார்ப்பம்" என்று கேட்கவில்லை, ஒரு மணித்தியாலம் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை. மகனுக்கு மனம் மாற ஒரு இடைவெளி கிடைத்தது. எங்கள் வீடுகளில் சண்டையின் முக்கால்வாசி அந்த இடைவெளியை நாங்கள் அடைத்துவிடுவதால் வருகிறது. பிள்ளை "சரியான கரைச்சல்!" என்று முறுமுறுத்துக்கொண்டே கொப்பியை எடுக்கப் போகிறான். அம்மா அந்த முறுமுறுப்பைப் பிடித்துக்கொள்கிறார். இப்போது கொப்பி மறந்துபோய், மரியாதை பற்றிய யுத்தம் தொடங்குகிறது. கால் கீழ்ப்படிந்துகொண்டிருந்தது, வாயைத் தண்டித்ததில் காலும் நின்றுவிட்டது.

ஆகவே முதல் விதி: சொன்ன வேலையைச் செய்கிறானா என்று மட்டும் பாருங்கள். செய்தால் முறுமுறுப்பு, கண்ணைச் சுழற்றல், கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தல் எல்லாம் அந்த நேரத்துக்குக் கேட்கவில்லை. தூசணம், அடி, பொருளை உடைத்தல் வேறு. அவற்றுக்குத் தனி விதி உண்டு. மரியாதையாகப் பேசுவதைப் பிறகு, எல்லாரும் அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில் பழக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் திருத்தப் போனால் இரண்டும் நடக்காது.

பத்து நிமிடம்

பெற்றோர் முதலில் கேட்பது தண்டனையைப் பற்றி. அதைக் கடைசிக்கு வைக்கவேண்டும். நாள் முழுக்க ஏச்சும் ஏவலும் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு இழக்க ஒன்றுமில்லை. இழக்க ஒன்றுமில்லாதவனைத் தண்டித்துப் பயனில்லை. ஆகவே முதல் இரண்டு கிழமை எந்தப் புதுத் தண்டனையும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் பத்து நிமிடம், ஒரு பெற்றோர், இந்தப் பிள்ளையோடு மட்டும். என்ன விளையாட்டு என்று பிள்ளை தீர்மானிக்கட்டும்: கரம், லெகோ, படம் கீறல், பொம்மைக் கார். போன் வேண்டாம்; வெற்றி தோல்வியில் அழும் பிள்ளை என்றால் கரமும் வேண்டாம்.

அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று செய்யக்கூடாது: ஏவக்கூடாது, கேள்வி கேட்கக்கூடாது, குறை சொல்லக்கூடாது. "இது என்ன நிறம்?" கூடக் கேள்விதான். செய்வதை வாயால் சொல்லுங்கள்: "நீலத்தை மேல வைக்கிறாய். இப்ப பாலம் நீளுது." முதல் நாள் வாய் கூசும். பிள்ளையும், "ஏன் இப்பிடிக் கதைக்கிறீங்க?" என்று சந்தேகமாகப் பார்ப்பான். இரண்டாம் மூன்றாம் நாள் சீண்டிப் பார்ப்பான். சின்னச் சீண்டலுக்கு முகத்தைத் திருப்பிவிட்டு, அது நின்றவுடன் மறுபடி சேர்ந்துகொள்ளுங்கள்.

அதிகம் பிழை விடும் இடம் ஒன்று உண்டு. "இண்டைக்கு நீ செய்த வேலைக்கு விளையாட்டு இல்லை" என்று இந்தப் பத்து நிமிடத்தைப் பறிப்பது. பறிக்கவே கூடாது. மோசமான நாளில்தான் அது மிகவும் தேவை. யோர்தானில் இயேசு கரையேறியபோது "இவர் என்னுடைய நேசகுமாரன், இவரில் பிரியமாயிருக்கிறேன்" என்ற சத்தம் வந்தது ஒரு பிரசங்கமும் ஒரு அற்புதமும் செய்யமுதல். பிதாவின் பிரியம் செய்த வேலைக்குக் கூலியாக வரவில்லை. எங்கள் பிள்ளைக்கும் நாளில் பத்து நிமிடமாவது அப்படிக் கிடைக்கட்டும்.

இதோடு பாராட்டு. "நல்ல பிள்ளை" பாராட்டு அல்ல; எது நல்லது என்று அதில் இல்லை. "சொன்ன உடன செருப்பைத் தட்டில வைச்சிட்டாய்" என்பது பாராட்டு. செய்த உடனே, சில நொடிக்குள், எதைச் செய்தான் என்று பெயர் சொல்லி. வாலைப் பின்னால் ஒட்டாதீர்கள்: "வைச்சிட்டாய், ஒவ்வொரு நாளும் இப்பிடி வைச்சா எவ்வளவு நல்லது" என்றால் பிள்ளை காதில் விழுவது பின்பாதி மட்டும். புகழ்ந்தால் பெருமை வந்துவிடும் என்று பயப்படும் பெற்றோர் எங்களுக்குள் உண்டு. நாளுக்கு முப்பது தரம் குறை கேட்கும் பிள்ளைக்குப் பெருமை வர இடமில்லை.

சொல்லும் முறை

"உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று மலைப்பிரசங்கத்தில் வருவது சத்தியம் பண்ணுவதைப் பற்றி. பிள்ளைக்கு ஏவும்போதும் அதைவிட நல்ல விதி இல்லை. இரண்டு கிழமைக்குப் பிறகு இதைத் தொடங்குங்கள்.

குசினியிலிருந்து கத்துவதை நிறுத்துங்கள். அடுப்பைக் குறைத்துவிட்டு அருகில் போங்கள், கைக்கெட்டும் தூரத்துக்கு. பெயரைச் சொல்லி, அவன் திரும்பிப் பார்க்கும்வரை பொறுங்கள். ஒரே ஒரு வேலை, சாதாரணக் குரலில், கேள்வியாக இல்லாமல்: "போனை மேசையில வை." "வைக்கிறியா?" என்று கேட்டால் "இல்லை" என்பது நியாயமான பதில்தான். "போனை வை, முகத்தைக் கழுவு, கொப்பியை எடு, தங்கச்சியோட சண்டை பிடிக்காத" என்று நாலை ஒன்றாகக் கோத்தால் முதலாவதும் நடக்காது. காரணம் சொல்லவேண்டும் என்றால் ஏவ முதல் சொல்லுங்கள். ஏவிய பிறகு சொல்லும் காரணம் வாதத்துக்கு வாசல்.

பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. முறைத்துப் பார்க்காமல், மேசையையோ ஜன்னலையோ பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தோட்டத்துக்குப் போன மகனுக்குக் கிடைத்த இடைவெளி இந்தப் பத்து நொடி. பல பிள்ளைகள் ஏழு எட்டில் அசைவார்கள். நாங்கள் மூன்றில் திரும்பச் சொல்லிவிடுகிறோம். செய்தால் உடனே பாராட்டு. செய்யாவிட்டால் ஒரே ஒரு தரம், அதே குரலில்: "போனை இப்ப மேசையில வைக்காட்டி இண்டைக்கு இரவு போன் இல்லை." இன்னொரு பத்து நொடி. அதற்குப் பிறகு சொன்னது நடக்கவேண்டும். மூன்றாம் தரம் சொல்வது இல்லை.

பயமுறுத்தும் பேச்சு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்: "பொலிசைக் கூப்பிடுவன்", "ஹொஸ்டலில விட்டிடுவன்", "ஃபாதரிட்டச் சொல்லுறன் பார்", "இயேசப்பா உன்னைப் பார்த்து அழுவார்." முதல் இரண்டும் நடக்காது என்று பிள்ளைக்குத் தெரியும். பின்னைய இரண்டும் அதைவிடக் கெட்டவை. ஆறுதலுக்கு ஓடவேண்டிய இடத்தை நாங்களே பயத்தின் இடமாக்கிவிடுகிறோம்.

சின்னது, உடனே, அன்றைக்கே

பிரசங்கி 8:11 சொல்கிறது: துர்க்கிரியைக்குத் தக்க தண்டனை சீக்கிரமாய் நடவாதபடியால் மனுபுத்திரரின் இருதயம் துணிகரங்கொள்கிறது. நடத்தை உளவியல் கற்ற எவரும் அந்தச் "சீக்கிரமாய்" என்பதை ஒத்துக்கொள்வார். விளைவு பெரிதாக இருப்பதால் பலன் இல்லை. உறுதியாகவும் உடனேயும் வருவதால்தான் பலன். ஒரு மாதம் போன் இல்லை என்று கோபத்தில் சொல்லி மூன்றாம் நாள் கொடுப்பதைவிட, அன்று இரவு மட்டும் இல்லை என்று சொல்லிக் காப்பாற்றுவது பல மடங்கு மேல். பள்ளிப் பிள்ளைக்கு அந்த மாலை போதும். எதுவானாலும் மறுநாளைத் தாண்டவேண்டாம். நீண்ட தண்டனையில் பிள்ளைக்கு நல்லபடி நடக்க ஒரு காரணமும் மிஞ்சாது. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று புலம்பலில் பாடும் நாங்கள், நேற்றைய கணக்கை இன்று காலை இடியப்பத்தோடு சேர்த்துப் பரிமாறக்கூடாது.

மூன்று முதல் எட்டு வயது வரையான பிள்ளை அடித்தால், உடைத்தால், எச்சரித்தும் செய்யாவிட்டால், டைம்-அவுட் பொருந்தும். மூன்று முதல் ஐந்து நிமிடம், சலிப்பான ஓரிடத்தில் ஒரு கதிரை. கொழும்பு வீடுகளில் தனி அறை இருக்காது. கொரிடோர் மூலை போதும். குளியலறை, இருட்டறை, பூட்டிய கதவு வேண்டவே வேண்டாம். அந்த நேரத்தில் யாரும் அவனோடு பேசுவதில்லை, அம்மம்மா உட்பட. கடைசி சில நொடி அமைதியாக இருந்தால் எழும்பலாம். எழும்பியதும் முதலில் சொன்ன வேலைக்கே திரும்ப அழைத்துப் போகவேண்டும். இல்லாவிட்டால் கதிரையில் இருந்தால் வேலையிலிருந்து தப்பலாம் என்றாகிவிடும். பிறகு பிரசங்கம் இல்லை. கட்டாய மன்னிப்பும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் "சொறி" பொய் சொல்லப் பழக்குகிறது. உடைத்ததை ஒட்டவோ, சிதறியதைப் பொறுக்கவோ உதவச் செய்யுங்கள்.

எச்சரிக்கை ஒன்று, இதைத் தெரியாமல்தான் அதிகம் பேர் நடுவில் விடுகிறார்கள்: தொடங்கி முதல் ஒரு இரண்டு கிழமை நிலைமை மோசமாகும். இதுவரை கதிரையை உதைத்துப் போன் வாங்கியவன், இப்போது உதைத்தும் வராதபோது இன்னும் பலமாக உதைத்துப் பார்ப்பான். பழைய வழி அடைபட்டதை அவன் சோதிக்கிறான் என்று அர்த்தம். அந்த உச்சத்தில் ஒரு தரம் விட்டுக்கொடுத்தால், இவ்வளவு பலமாக உதைத்தால்தான் வரும் என்று படித்துவிடுவான், முன்பைவிடக் கஷ்டமாகும். ஆகவே காப்பாற்ற முடியாத ஒரு விதியைத் தொடங்கவேண்டாம். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்தின மாதம், வீடு மாறும் கிழமை, அப்பா கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கும் பத்து நாள் இதற்கு நல்ல நேரம் இல்லை.

பிரம்பைப் பற்றி

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று நீதிமொழிகள் 13:24 இல் இருக்கிறது. இல்லை என்று நடிக்க முடியாது. அது கேட்பது, பிள்ளையைத் திருத்தாமல் விட்டுவிடாதே என்பதை. ஆசாரியனான ஏலி செய்த பிழை அதுதான். மகன்கள் அக்கிரமம் செய்வதை அறிந்தும் அவர்களை அடக்கவில்லை. மேலே சொன்ன உடனடி விளைவுகள் எல்லாம் திருத்தம்தான், தளர்வு அல்ல. உபாகமம் 21 இல் அடங்காத மகனைப் பற்றிய கடுமையான சட்டம்கூட, தகப்பன் தாய் இருவரும் சேர்ந்து ஊர் மூப்பரிடம் கொண்டுவரவேண்டும் என்கிறது. தகப்பன் கோபத்தில் தனியாகத் தீர்க்க அங்கேயும் இடமில்லை. அந்த மகனைப் போஜனப்பிரியன், குடியன் என்று சொல்வதிலிருந்து அவன் சின்னப் பிள்ளை இல்லை என்பதும் தெரியும்.

எதிர்த்து நிற்கும் பிள்ளைக்கு அடி என்ன செய்கிறது? சாதுவான பிள்ளை ஒரு அடியில் அழுது நிற்கும். இந்தப் பிள்ளை "நோகேல்லை" என்பான். அடுத்த அடி பலமாக விழவேண்டும். கையிலிருந்து தடி, தடியிலிருந்து பெல்ட் என்று ஏறும் ஏணி அது. எந்தத் தகப்பனும் பெல்ட்டில் தொடங்க நினைத்ததில்லை. பிள்ளை படிப்பது: கோபம் வந்தால் பெரியவர் சின்னவரை அடிக்கலாம். அடுத்த நாள் தங்கச்சி வாங்குகிறாள். இலங்கையில் 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் சேர்க்கப்பட்ட 308ஏ பிரிவின்படி, பொறுப்பிலுள்ள பிள்ளையைக் காயமோ துன்பமோ வரும்படி தாக்குவது குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனால் சட்டத்துக்கு முதல் யாக்கோபு இருக்கிறார்: "மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே."

கோபத்தில் அடித்துவிட்டால், அன்றிரவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "நான் அடிச்சது பிழை. போன் இண்டைக்கு இல்லை எண்டது அப்பிடியே இருக்கு." இரண்டு வசனமும் வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் பாவமன்னிப்பைப் பற்றி அவனுக்கு நாங்கள் சொல்லும் எதுவும் வெறும் பேச்சு. இரண்டாவது இல்லாவிட்டால் எங்கள் குற்றவுணர்வை அவன் விலைக்கு வாங்கப் பழகுவான்.

ஜெபநேரம், கோயில், அம்மம்மா

குடும்ப ஜெபம் பல வீடுகளில் இரவுச் சண்டையின் இரண்டாம் பாகம். இந்தப் பிள்ளையோடு ஐந்து நிமிடம் போதும்: ஒரு பாட்டு, ஒரு சின்ன வேதபகுதி, ஆளுக்கொரு வசனம். வாசிக்கக் கஷ்டப்படும் பிள்ளையை வாசிக்கச் சொல்லவேண்டாம்; மெழுகுதிரி ஏற்றவோ பாட்டைத் தெரிவுசெய்யவோ விடலாம். "ஆண்டவரே, இவன்ட பிடிவாதத்தை உடையும்" என்று அவன் காதுபட ஜெபிப்பது ஏச்சுத்தான், கண்ணை மூடிக்கொண்டு ஏசுவது. அன்று அவன் செய்த நல்லது ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். கண்டுபிடிக்க முடியாத நாளும் வரும். அப்படியானால் அவன் இருப்பதற்கு நன்றி சொல்லலாம்.

பூசைக்கோ ஆராதனைக்கோ போகும்போது வெளிவாசலுக்குப் பக்கத்து வாங்கில் இருங்கள். போகமுதல் வீட்டிலேயே சொல்லுங்கள்: "பிரசங்கத்துக்கு நீ படம் கீறலாம், பாட்டுக்கு எழும்போணும்." இடையில் ஒரு தரம் வெளியே கூட்டிப்போய் இரண்டு நிமிடம் நடந்துவிட்டு வருவது தோல்வி இல்லை. ஞாயிறு பாடசாலை ஆசிரியருக்கு மூன்றே விசயம் சொல்லிவைத்தால் போதும்: எல்லார் முன்னிலையிலும் கண்டிக்காமல் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லவும், ஒரு வேலை கொடுக்கவும், கதிரை அடுக்குவது போல, வாதத்துக்கு இழுத்தால் பதில் சொல்லாமல் நகரவும்.

வீட்டில் எல்லாரும் ஒரே விதியில் நிற்பது கொழும்பில் லேசில்லை. அம்மம்மா ஒளித்து டொபி கொடுப்பார். அவரோடு சண்டை பிடிப்பதைவிட, பாராட்டும் வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். அதை அவர் எங்களைவிட நன்றாகச் செய்வார். வெளிநாட்டில் இருக்கும் அப்பா இரவில் வட்ஸ்அப்பில் வந்து அன்றைய குற்றப்பத்திரிகையைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது கட்டாயம் நிற்கவேண்டும். அம்மா மாலையில் முடித்ததை அவர் இரவில் திறக்கக்கூடாது. அவருக்குச் சொல்லவேண்டியது அன்று நடந்த ஒரு நல்லது. அதை அவர் தன் வாயால் பிள்ளைக்குச் சொல்லட்டும்.

பத்து வயதுக்கு மேல் என்றால் ஏவுவதும் விளைவும் மட்டும் போதாது. சனிக்கிழமை காலை மாதிரி அமைதியான நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "டியூசனுக்கு முன்ன ஏன் ஒவ்வொரு நாளும் இப்பிடி வருது?" பதிலுக்குக் காத்திருங்கள். ஆறரை மணிக்கு வீட்டைவிட்டுப் போன பிள்ளை ஐந்து மணிக்கு வந்து ஆறுக்கு மறுபடி படிக்க உட்கார ஏலாது என்று சொன்னால், அது எதிர்ப்பு இல்லை, உண்மை. டியூசன் ஒன்றைக் குறைத்ததில் பாதிச் சண்டை குறையும் வீடுகள் உண்டு.

எப்போது வைத்தியரிடம்

மேலே சொன்னதை விடாமல் செய்தும் மூன்று மாதத்தில் அசைவில்லை என்றால், பள்ளியிலிருந்தும் முறைப்பாடு வருகிறது என்றால், காட்டுங்கள். மிருகங்களை வதைப்பது, தீ வைப்பது, களவு, வீட்டைவிட்டு ஓடுவது, ஆயுதம் எடுப்பது என்றால் மூன்று மாதம் காத்திருக்கவேண்டாம். "நான் செத்தா உங்களுக்கு நல்லம்" என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளின் மனநலத்துக்கான சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் பேசலாம். பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஆபத்து என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.

ஓ.டி.டி.க்கென்று தனி மருந்து இல்லை. கூட ஏ.டி.எச்.டி. இருந்தால் அதற்கு மருந்து கொடுக்கலாம். அது குறைய எதிர்ப்பும் குறைவதுண்டு. முதன்மைச் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான். மூன்று முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பத்து முதல் பதினாறு அமர்வுகள் என்று பிரித்தானியாவின் சிகிச்சை வழிகாட்டல் நிறுவனமான நைஸ் 2013 இல் பரிந்துரைத்தது. "என்ர பிள்ளைக்கு வருத்தம், எனக்கென்ன பயிற்சி?" என்று கோபித்துக்கொண்டு எழும்பாதீர்கள். பிள்ளையோடு நாள் முழுக்க இருப்பது வைத்தியர் அல்ல.

போகமுதல் இரண்டு கிழமை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, எத்தனை மணிக்குப் படுத்தான். பள்ளி ரிப்போர்ட்டும், அவன் கையெழுத்து உள்ள இரண்டு மூன்று கொப்பியும், கிளினிக் கொப்பியும் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு என்ன சொல்வது என்று பெற்றோர் தடுமாறுவார்கள். "உன்னைத் திருத்த டொக்டரிட்டப் போறம்" வேண்டாம். "கடைக்குப் போறம்" என்ற பொய்யும் வேண்டாம். "எங்கட வீட்டில சண்டை கூடிப்போச்சு. உனக்கும் அது விருப்பமில்லை எண்டு எங்களுக்குத் தெரியும். எப்பிடிக் குறைக்கலாம் எண்டு கேக்க நாங்க எல்லாரும் போறம்." "நான் வரமாட்டன்" என்பான். பஸ்ஸுக்கு நேரம் வைத்துக்கொண்டு கொஞ்சம் முந்தியே சொல்லுங்கள்.